தோசைக்கல்லுக்கு யார் பொறுப்பு? இரும்பும் நான்-ஸ்டிக்கும்

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். கேட்கும்போது இயல்பாக இருந்து படிக்கும்போது இடறுகிற இடங்களை மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

காட்டுமன்னார்கோயில்ல இருந்து பேசுறேன். வழக்கமா இந்தப் பக்கம் வர்றவங்களுக்குத் தெரியும், நம்ம பேச்சு பெரும்பாலும் சாஃப்ட்வேர், வேலை, சம்பளம்னு போகும். இன்னைக்கு அடுப்படிக்குப் போறோம். காரணம் ஒரு மெசேஜ்.

சேத்தியாத்தோப்புப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. சுருக்கமா சொல்றேன். "அண்ணா, அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். சீர் சாமான் வாங்கப் போறோம். நான் ஷிஃப்ட்ல வேலை பாக்குறேன், அதனால நான்-ஸ்டிக் தவா வேணும்னு சொன்னேன். அது கேன்சர் வரவைக்கும், இரும்புக் கல்லுதான் வாங்கணும்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. எது உண்மை?"

பதில் ஒரு வரியில முடியாது. ஏன்னா இதுக்குள்ள மூணு கேள்வி இருக்கு. நான்-ஸ்டிக் ஆபத்தா? இரும்பு உடம்புக்கு நல்லதா? மூணாவதை யாரும் கேக்கறதே இல்ல: அந்தக் கல்லை தினமும் யாரு பாத்துக்கறது? ஒவ்வொண்ணாப் பாக்கலாம்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சு

நான்-ஸ்டிக் பூச்சோட பேரு பிடிஎஃப்இ. டெஃப்லான்னு சொன்னா எல்லாருக்கும் புரியும், அது கம்பெனி வச்ச பேரு. 1938 ஏப்ரல்ல அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனியில ராய் பிளங்கெட்ங்கிற வேதியியலாளர் ஃபிரிட்ஜுக்கான குளிரூட்டும் வாயு பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தார். ஒரு சிலிண்டரைத் திறந்தா வாயு வரல. ஆனா சிலிண்டரோட எடை குறையவே இல்ல. அறுத்துப் பாத்தா உள்ள வெள்ளையா, மெழுகு மாதிரி ஒரு பொடி. எதுலயும் ஒட்டாது, எந்த அமிலமும் அதை ஒண்ணும் பண்ணாது. சமையலுக்கு அது வந்தது பிரான்ஸ்ல. மார்க் கிரெகுவார்ங்கிற இன்ஜினியர் முதல்ல தன்னோட மீன்பிடி சாமானுக்கு அதைப் பூசிப் பாத்தார். அவரோட மனைவி கொலெத், இதை என் வாணலிக்குப் பூசேன்னு கேட்டதா சொல்லுவாங்க. 1956-ல டெஃபால் கம்பெனி ஆரம்பிச்சது அப்படித்தான்.

பயத்துக்குக் காரணமான கதை வேற. அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா மாநிலத்துல பார்க்கர்ஸ்பர்க்னு ஒரு ஊர். அங்க டூபான்ட் தொழிற்சாலையில இந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது பிஎஃப்ஓஏன்னு ஒரு ரசாயனத்தைப் பயன்படுத்தினாங்க. அதோட கழிவு நிலத்துக்கும் ஆத்துக்கும் போச்சு. வில்பர் டெனன்ட்ங்கிற விவசாயியோட மாடுகள் ஒண்ணொண்ணா செத்துப் போச்சு. 1998-ல அவர் வீடியோ கேசட்டுகளோட ராப் பிலட்ங்கிற வக்கீல்கிட்ட போனார். அதுக்கு அப்புறம் சுமார் 69,000 பேரோட ரத்தத்தையும் உடல்நிலையையும் சோதிச்சாங்க. சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைராய்டு நோய், அதிகக் கொழுப்பு, குடல் புண் நோய் ஒண்ணு, கர்ப்ப காலத்து ரத்த அழுத்தம், இந்த ஆறுக்கும் பிஎஃப்ஓஏவுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம்னு அறிவியலாளர் குழு சொல்லுச்சு. 2017-ல 67 கோடி டாலருக்கு மேல குடுத்து வழக்குகளை முடிச்சாங்க. 2019-ல 'டார்க் வாட்டர்ஸ்'னு படமே வந்துச்சு. 2023 கடைசியில உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு பிஎஃப்ஓஏவை மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல சேத்தது.

அதனால வாட்ஸ்அப்ல வர்ற 'நான்-ஸ்டிக்னா கேன்சர்'ங்கிற ஃபார்வர்டு ஒண்ணும் இல்லாததுல இருந்து வரல. ஆனா இந்தக் கதையில ஒண்ணைக் கவனிங்க. பாதிக்கப்பட்டவங்க தோசை சுட்டவங்க இல்ல. தொழிற்சாலையில வேலை பாத்தவங்க, அந்தப் பக்கத்துத் தண்ணியைக் குடிச்சவங்க. நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இது டக்குனு புரியும். கடலூர் சிப்காட்டைச் சுத்தி இருக்கிறவங்க காத்தைப் பத்தியும் தண்ணியைப் பத்தியும் எத்தனை வருஷமாப் பேசிட்டு இருக்காங்க! இங்க இருக்கிற வீராணம் ஏரித் தண்ணி 2004-லிருந்து குழாய்ல சென்னைக்குப் போகுது. ஒரு ஏரியிலயோ ஆத்துலயோ ஒண்ணு கலந்தா அது எத்தனை வீட்டுச் சொம்புக்குப் போய்ச் சேரும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. பிஎஃப்ஓஏ பிரச்சனை அந்த வகை. உலகம் முழுக்க அதை நிறுத்தணும்னு 2019-ல ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல சேத்தாங்க.

இப்ப கடையில 'பிஎஃப்ஓஏ இல்லாதது'ன்னு ஒட்டியிருக்கும். அதுக்கு என்ன அர்த்தம்? தயாரிக்கும்போது அந்த ரசாயனத்தைப் பயன்படுத்தலன்னு அர்த்தம். பூச்சு பிடிஎஃப்இ இல்லன்னு அர்த்தம் கிடையாது. 'கிரானைட்', 'மார்பிள்'னு புள்ளி புள்ளியா வர்ற தவாவும் பெரும்பாலும் இதே பிடிஎஃப்இ பூச்சுதான், புள்ளி அழகுக்கு. 'செராமிக்'னு வர்றது மட்டும் வேற, அது சிலிக்கா வகைப் பூச்சு. அதுல பிடிஎஃப்இ இல்ல, ஆனா ஒட்டாத தன்மை சீக்கிரமே போயிடும்.

வீட்டுத் தவாவுல என்ன ஆபத்து

தொழிற்சாலையை விட்டு வீட்டுக்குள்ள வருவோம். ரெண்டு விஷயம்.

ஒண்ணு, பூச்சு உரிஞ்சு தோசையோட வயித்துக்குள்ள போனா? பிடிஎஃப்இ எதோடயும் சேராத பொருள். செரிக்காம அப்படியே வெளிய வந்துடும்னுதான் இதுவரைக்குமான அறிவியல் சொல்லுது. அதுக்காக உரிஞ்ச தவாவை வச்சுக்கோங்கன்னு சொல்லல. உரிஞ்ச பிறகு ஒட்டாத தன்மையும் இல்ல, அடியில இருக்கிற அலுமினியமும் வெளிய தெரியுது. அப்புறம் அதை வச்சுக்க காரணமே இல்ல.

ரெண்டு, சூடு. இதுதான் உண்மையாவே கவனிக்க வேண்டியது. பிடிஎஃப்இயை 260 டிகிரி செல்சியஸுக்குள்ள வச்சுக்கணும்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல போகப் போக பூச்சு சிதைய ஆரம்பிக்கும். 350-ஐத் தாண்டினா வர்ற புகை நிஜமாவே மோசம். காய்ச்சல், குளிர், நெஞ்சு இறுக்கம்னு ஃப்ளூ மாதிரி வரும். கூண்டுல கிளி, லவ் பேர்ட்ஸ் வளக்கிறவங்க கேளுங்க, அதுங்க இந்தப் புகையில செத்தே போயிடும்.

ஐதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாசம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டாங்க. அதுல நான்-ஸ்டிக் பத்தி இன்னும் கறாரா 170 டிகிரின்னு எழுதியிருக்காங்க, காலிப் பாத்திரத்தை அடுப்புல ரொம்ப நேரம் விடுறதைத்தான் கவலையாச் சொல்றாங்க. எந்த எண்ணை எடுத்துக்கிட்டாலும் நமக்கு உதவுறது அந்த 'காலிப் பாத்திரம்'ங்கிற வார்த்தைதான்.

ஏன்னு சொல்றேன். தவாவுல எண்ணெயோ மாவோ இருந்தா அதுவே ஒரு அலாரம். மாவுல இருக்கிற தண்ணி ஆவியாகுற வரைக்கும் சூடு ஒரேயடியா ஏறாது. செக்கு நல்லெண்ணெய் சுமார் 180 டிகிரி பக்கத்துல புகைய ஆரம்பிச்சுடும், நமக்கே தெரிஞ்சு அடுப்பைக் குறைப்போம். காலித் தவாவுல அந்த அலாரமே கிடையாது. மெல்லிசான அலுமினியத் தவாவைப் பெரிய பர்னர்ல முழுத் தீயில வச்சுட்டு ஒரு போன் பேசிட்டு வந்தா போதும், 260-ஐத் தாண்டியிருக்கும்.

ஈயச் சொம்பு சொன்ன அதே பாடம்

பாத்திரத்துல பூச்சுங்கிறது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. எங்க ஆயா வீட்ல பித்தளைத் தவலை, அண்டா எல்லாத்துக்கும் உள்பக்கம் ஈயம் பூசியிருக்கும். புளிக்கும் மோருக்கும் பித்தளை களிம்பு ஏறும், சாப்பிட்டா வாந்தி வரும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பூச்சு. ஈயம் பூசுறவர் தெருவுக்கு வருவார். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால சுத்தித் தேய்ப்பார். குப்புனு வெள்ளைப் புகை வரும், பாத்திரம் உள்ள வெள்ளி மாதிரி மின்னும்.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இன்னும் சில வீட்ல இருக்கு. கும்பகோணத்துல இன்னைக்கும் வாங்கலாம். அது முழுக்க வெள்ளீயம். வெள்ளீயம் 232 டிகிரியில உருகிடும். அதனாலதான் வீட்ல முதல் விதியே, ஈயச் சொம்பைக் காலியா அடுப்புல வைக்கக் கூடாது, முதல்ல புளித்தண்ணியை ஊத்திட்டு அப்புறம் ஏத்தணும். மறந்தா சொம்பு உருகி அடுப்புல ஓடிடும். தண்ணி உள்ள இருக்கிற வரைக்கும் அது 100 டிகிரியைச் சுத்தியே நிக்கும், ஒண்ணும் ஆகாது.

நான்-ஸ்டிக்குக்கும் அதே விதிதான். அந்தக் காலத்துல ஈயச் சொம்புக்குக் குடுத்த மரியாதையை இந்தக் காலத்துல நான்-ஸ்டிக்குக்குக் குடுத்தா பாதிப் பிரச்சனை முடிஞ்சது.

ரெண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. ஈயம் தேஞ்சா தெருவுக்கு ஆள் வந்து பூசிக் குடுப்பார். நான்-ஸ்டிக் தேஞ்சா நம்ம வீட்டுப் பக்கம் பூசிக் குடுக்க ஆள் இல்ல. தூக்கிப் போட்டு புதுசு வாங்கணும். கவனமா வச்சுக்கிட்டா சில வருஷம், இல்லன்னா சில மாசம். எப்படியும் ஒரு நாள் தீர்ந்து போற சாமான் அது.

பழக்குறதுன்னா என்ன நடக்குது

இப்ப இரும்பு. இரும்புக் கல்லும் ஒரு பூச்சுலதான் வேலை செய்யுது, ஆனா அந்தப் பூச்சைப் போடுறது நாம. அதைத்தான் 'கல்லைப் பழக்குறது'ன்னு சொல்றோம். எண்ணெயை ரொம்ப மெல்லிசாத் தடவி நல்லா சூடாக்கும்போது எண்ணெய் மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து, காஞ்ச பெயின்ட் மாதிரி கெட்டியான ஒரு படலம் ஆகிடுது. அது எண்ணெய்ப் பசை இல்ல, சாதாரணமாக் கழுவினா போகாது. கருப்பா, வழவழன்னு இருக்கும். ஒவ்வொரு தோசைக்கும் அது மேல கொஞ்சம் கொஞ்சமா சேரும். அதனாலதான் இருபது வருஷக் கல்லுல வர்ற தோசை புதுக் கல்லுல வராது.

இதைப் புரிஞ்சுக்கிட்டா வீட்ல சொல்ற பல விதிகளுக்கு அர்த்தம் தெரிஞ்சிடும். சப்பாத்தி போடுற கல்லுல தோசை வார்க்காதேம்பாங்க. சப்பாத்திக்கு எண்ணெய் இல்லாம காஞ்ச கல்லை அதிகமாச் சூடாக்குறோம், அதுல படலம் எரிஞ்சு போகும். மறுநாள் தோசை பிச்சுக்கிட்டு வரும். கல்லைத் தண்ணியில ஊறப் போடாதேம்பாங்க, ராத்திரியில துரு ஏறிடும். கம்பி நார் போட்டுத் தேய்க்காதேம்பாங்க, தேய்ச்சா போறது அழுக்கு மட்டும் இல்ல, நீங்க மாசக்கணக்குல சேத்த படலமும்தான்.

இரும்புச் சத்து கிடைக்குமா

இது அடுத்த நம்பிக்கை. ஆதாரம் இருக்கு. 1999-ல லான்செட் இதழ்ல எத்தியோப்பியாவுல பண்ணின ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரு வருஷம் இரும்புப் பானையில சமைச்சுச் சாப்பிட்ட குழந்தைகளோட ஹீமோகுளோபின், அலுமினியப் பானையில சாப்பிட்ட குழந்தைகளை விட நல்லா ஏறியிருந்தது. தமிழ்நாட்டுல இது சின்ன விஷயம் இல்ல. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி 15-லிருந்து 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மேல.

ஆனா எந்தச் சமையலுக்கு இரும்பு இறங்கும்னு பாக்கணும். புளிப்பா இருக்கணும், ஈரமா இருக்கணும், ரொம்ப நேரம் கொதிக்கணும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு மாதிரி. தோசை கல்லு மேல இருக்கிறது ரெண்டு மூணு நிமிஷம். மாவு புளிச்சிருந்தாலும் நடுவுல அந்த எண்ணெய்ப் படலம் இருக்கு. கல்லு எவ்வளவு நல்லாப் பழகுதோ அவ்வளவு குறைவாத்தான் இரும்பு இறங்கும். அதனால தோசைக்கல்லை மாத்தினா ரத்தசோகை போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஹீமோகுளோபின் குறைவா இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துல சத்து மாத்திரை தர்றாங்க, அதைச் சாப்பிடுங்க. இரும்புக்காகவே வேணும்னா ஒரு இரும்புச் சட்டி வாங்கி அதுல குழம்பு வைங்க. கொதிச்சதும் வேற பாத்திரத்துக்கு மாத்திடணும், ராத்திரி முழுக்க விட்டா கருத்து ஒரு இரும்பு வாடை வந்துடும். வாழைப்பூ, வாழைக்காய் எல்லாம் கருத்துப் போகும், பயப்பட ஒண்ணும் இல்ல, பாக்கத்தான் நல்லா இருக்காது. தலசீமியா மாதிரி ரத்த நோயால உடம்புல இரும்பு சேர்ற குழந்தைங்க வீட்ல இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம இரும்புச் சட்டிக்குப் போகாதீங்க.

தோசை எதுல நல்லா வரும்

இதுல எனக்குச் சந்தேகமே இல்ல, இரும்புதான். காரணம் பாட்டி கைப்பக்குவம்னு சொல்லி விட வேண்டாம், கணக்கே இருக்கு. மூணு கிலோ வார்ப்பிரும்புக் கல்லு பிடிச்சு வச்சிருக்கிற சூடு, ஒரு கிலோ அலுமினியத் தவா வச்சிருக்கிறதை விட சுமார் ஒண்ணரை மடங்கு. குளிர்ந்த மாவை ஊத்தினாலும் கல்லு சட்டுனு ஆறிடாது. அதனால அடி முறுகலா வருது. அலுமினியம் சூட்டைக் கடத்துறதுல இரும்பை விட மூணு நாலு மடங்கு வேகம். சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். இரும்பு மெதுவா ஏறும், அதனால சின்ன பர்னர்ல அவசரப்பட்டா நடுவுல கருகி ஓரம் வெளுத்து இருக்கும். மிதமான தீயில அஞ்சு நிமிஷம் குடுங்க.

சூடு பாக்க தண்ணி தெளிக்கிறோம் இல்லையா? சொய்ங்னு சத்தம் போட்டு உடனே காணாமப் போனா சரியான சூடு. முத்து முத்தா உருண்டு ஓடினா சூடு அதிகம், ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சுட்டு மாவை ஊத்துங்க. நான்-ஸ்டிக்ல இந்தச் சோதனையை நம்ப முடியாது. அந்தப் பூச்சுல தண்ணி ஒட்டாது, ஆறின தவாவுலயே முத்து மாதிரிதான் நிக்கும். அதே காரணத்தாலதான் நான்-ஸ்டிக்ல சூடு அதிகமானா மாவு கரண்டியோட சேந்து சுத்திட்டு வருது. அடுப்பைக் குறைச்சு மாவைத் தேய்ச்சுட்டு அப்புறம் ஏத்தணும்.

அந்த மூணாவது கேள்வி

இப்ப நீங்க கேப்பீங்க, இரும்பு ருசி, இரும்பு காலத்துக்கும் வரும், நாமளே பூச்சைப் புதுப்பிக்கலாம், அப்புறம் என்ன யோசனை?

எங்க வீட்டு விஷயம் சொல்றேன். இங்க ராத்திரிக்குப் பெரும்பாலும் தோசைதான். நெல்லு விளையிற ஊரு, மத்தியானம் சோறு, ராத்திரி மாவு. எங்க அம்மாவுக்கு அம்பது தாண்டினதும் மணிக்கட்டு வலி வந்துச்சு. மூணு கிலோக் கல்லை ஒரு கையால அடுப்புல இருந்து இறக்க முடியல. சூட்டோட இறக்கணும், ஆறினதும் கழுவணும், துடைச்சுத் தீயில காயவைக்கணும், எண்ணெய் தடவி வைக்கணும். எல்லாம் ராத்திரி ஒன்பதரைக்கு மேல, எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு. நான்-ஸ்டிக் வந்தப்ப அம்மாவுக்குக் கிடைச்சது சோம்பேறித்தனம் இல்ல, ராத்திரியில ஒரு கால் மணி நேரம். அதோட ஒரு கையோட வலியும் குறைஞ்சுது.

அதனால குடும்ப குரூப்ல யாராவது 'பாரம்பரியத்துக்குத் திரும்புவோம்'னு இரும்புக் கல்லுப் படத்தைப் போட்டா நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். திரும்பப் போறது யாரு? பகிர்ந்தவரா, அவரோட மனைவியா? பாரம்பரியப் பாத்திரம் வேலை செஞ்சதுக்குப் பின்னாடி ஒருத்தரோட தினசரி உழைப்பு இருந்துச்சு. கல்லை வாங்கிக் குடுத்துட்டு அந்த உழைப்பை யாரு தலையில வைக்கிறோம்னு பேசாம விட்டா, அது ஆரோக்கியத்தைப் பத்தின பேச்சே இல்ல.

நான் வீட்ல இருந்தே வேலை பாக்க ஆரம்பிச்ச பிறகு இரும்புக் கல்லைத் திரும்ப எடுத்தோம். ஒரு ஒப்பந்தத்தோட. ஏத்துறது, இறக்குறது, கழுவி எண்ணெய் தடவி வைக்கிறது என் வேலை. நான் ஊர்ல இல்லாத நாள்ல அம்மா சின்ன நான்-ஸ்டிக் தவாவை எடுத்துப்பாங்க. அதைக் குத்தம் சொல்ல வீட்ல யாருக்கும் உரிமை இல்ல. எங்க வேலையில ஒரு சிஸ்டத்தை எழுதுறதை விட எழுதினதுக்கு அப்புறம் பராமரிக்கிறதுக்குத்தான் அதிகச் செலவு. ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிச்சா யாரு எழுந்திரிக்கணும்னு முதல்லயே பேர் எழுதி வச்சுடுவோம். அடுப்படியில மட்டும் அந்தப் பேரை எழுதறதே இல்ல, அம்மான்னு எல்லாருமே முடிவு பண்ணிடறோம்.

என்ன வாங்கலாம்

கடைக்குப் போறவங்களுக்காகச் சுருக்கமா.

இரும்புலயே ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு தகட்டு இரும்புக் கல்லு, எடை குறைவு, கீழ விழுந்தாலும் உடையாது, பாத்திரக்கடையில எடை போட்டுக் குடுப்பாங்க. இன்னொண்ணு வார்ப்பிரும்பு, கனம் அதிகம், சூடு நல்லா நிக்கும். ஆனா கீழ விழுந்தா உடையும். கொதிக்கிற கல்லுல சில்லுனு தண்ணியைக் கொட்டினா விரிசல் விடும். மணிக்கட்டு வலி இருக்கிறவங்க தகட்டுக் கல்லுப் பக்கம் போங்க, இல்லன்னா பத்து அங்குலத்துக்கு வாங்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கையால தூக்கிப் பாருங்க, அந்த வீட்ல கல்லைத் தூக்கப் போறவரே தூக்கிப் பாக்கணும். ரெண்டு இரும்புமே இண்டக்‌ஷன் அடுப்புல வேலை செய்யும், அடி தட்டையா இருந்தா போதும். அலுமினிய நான்-ஸ்டிக்ல 'இண்டக்‌ஷன் பேஸ்'னு தனியாப் போட்டிருக்கணும். கண்ணாடி மேல்தளம் உள்ள அடுப்புல கனமான கல்லை இழுக்காதீங்க, தூக்கி வைங்க.

பழக்குறது எப்படி? முதல் தடவை சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க, தொழிற்சாலையில துரு பிடிக்காம இருக்கத் தடவின எண்ணெய் போகணும். எங்க பக்கம் ஒரு ராத்திரி வடிகஞ்சியிலயோ அரிசி களைஞ்ச தண்ணியிலயோ ஊற வைப்பாங்க. புளிச்ச கஞ்சி லேசான துருவை எடுக்கும், பழைய அழுக்கும் இளகும். புதுக் கல்லுக்கு இந்த ஒரு தடவை மட்டும்தான், பழகின கல்லை ஊறப் போடக் கூடாது. கழுவித் தீயில காயவைங்க. நல்லெண்ணெயோ தவிட்டு எண்ணெயோ நாலஞ்சு சொட்டு விட்டுத் துணியால தடவி, திரும்பத் துடைச்சே எடுத்துடுங்க. எண்ணெய் தடவினதே தெரியக் கூடாது. தேங்காய் எண்ணெய் இதுக்குச் சரியா வராது, அது கெட்டிப் படலமா மாறாது. புகை வர்ற வரைக்கும் சூடாக்கி ஆறவிடுங்க. இப்படி நாலஞ்சு தடவை. எண்ணெய் அதிகமானா பிசுபிசுன்னு பிசின் மாதிரி ஆகிடும், அதனால மெல்லிசுதான் முக்கியம். அப்புறம் ரெண்டு நாள் வெங்காயம் வதக்குங்க, அதுக்கு மேல தோசை. முதல் நாலு தோசை ஒட்டும். அதைச் சாப்பிடுறதும் பழக்குறவர் வேலைதான்.

நான்-ஸ்டிக் வாங்குறீங்கன்னா நாலு விஷயம். கொஞ்சம் கனமானதா வாங்குங்க, மெல்லிசுல சூடு எகிறும். காலியா அடுப்புல வைக்காதீங்க, மிதமான தீயைத் தாண்டாதீங்க, ஜன்னல் திறந்திருக்கட்டும். மரக்கரண்டி, மிருதுவான நார். பூச்சு உரிய ஆரம்பிச்சா அன்னைக்கே மாத்துங்க. அது ஒரு தீர்ந்து போற சாமான்னு தெரிஞ்சே வாங்குங்க. முட்டை, ஊத்தப்பம், குழந்தைக்குச் சின்ன தோசைக்கு அது நல்ல சாமான். மீன் வறுக்கவோ, அதிகச் சூட்டுல வறுக்கிற எதுக்குமோ அது வேண்டாம். ஏரி மீனை இரும்புக் கல்லுல போடுங்க, ஆனா தோசைக்கல்லுல போடாதீங்க, மறுநாள் தோசையில மீன் வாடை வரும்.

சேத்தியாத்தோப்புத் தங்கச்சிக்கு என் பதில் இது. நான்-ஸ்டிக் தவாவைப் பாத்துப் பயப்பட வேண்டாம், காலியாச் சூடாக்காம இருந்தா போதும். சீர்ல பத்து அங்குலத் தகட்டு இரும்புக் கல்லு ஒண்ணு, சின்ன நான்-ஸ்டிக் ஒண்ணு, ரெண்டுமே வைங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற நாள்ல சின்னது, லீவு நாள்ல பெருசு. கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைகிட்ட ஒரு தடவை பேசிக்கோங்க, இரும்புக் கல்லைக் கழுவி எண்ணெய் தடவி வைக்கிறது அவர் பொறுப்புன்னு. அவர் சரின்னு சொன்னா இரும்புக் கல்லையே தைரியமாப் பெருசா வாங்குங்க.

இதைக் கேட்டவங்க உங்க வீட்ல கல்லை யாரு கழுவறாங்கன்னு எழுதி அனுப்புங்க. கல்லு எத்தனை வருஷம் பழசு, எந்த எண்ணெயில பழக்கினீங்கன்னும் சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல கொஞ்சம் படிக்கிறேன்.